பூஜையில் வைத்த டைரி

எங்கள் கம்பெனியில் அப்போது எதற்கெடுத்தாலும் "டைரி இன்னா சொல்லுது?" என்பார்கள். மழை வருமா என்பதைத் தவிர மற்ற எல்லாம் அந்த டைரிக்குத் தெரியும் என்று நம்பினார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், வல்லத்துக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் நெல் வயல்களுக்கு நடுவே இருந்தது எங்கள் தொழிற்சாலை. லாரிகளுக்கு வேண்டிய புஷ் மாதிரியான சின்னச் சின்ன இரும்புப் பாகங்களைக் கடைந்து கொடுப்பது வேலை. எந்தப் பாகம் எந்த மெஷினில் எந்த நாளில் ஓட வேண்டும், முலாம் பூசப் போனது எப்போது திரும்பி வரும், லாரி என்றைக்கு வாசலில் நிற்கும், எல்லாம் அந்த ஒரே டைரியில்தான் எழுதியிருக்கும்.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். டைரியை எழுதிக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். கையெழுத்தை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். அதைப் படிக்க அவரையே திரும்பக் கூட்டிவர வேண்டும் போலிருந்தது. மெஷின்காரர்கள் எண்ணெய்க் கையோடு வந்து பக்கம் புரட்டுவார்கள். தேதி மாறினால் பென்சிலை அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்திருக்கும். ஒருநாள் எண்ணெய்ப் பிசுக்கில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டு, நடுவிலிருந்த ஒரு செவ்வாய்க்கிழமையே காணாமல் போனது. யாரும் செய்யாத ஒரு பாகத்தை ஏற்றிப்போக லாரி வந்து நின்றது. மேனேஜர் அன்று வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் பக்கத்து அறையில் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து கேட்டேன்.

நான் டைப்பிஸ்ட். ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் ஹையர் பாஸ். என் வேகத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, அதை மறைக்கவும் மாட்டேன். பக்கத்தில் நின்று யார் என்ன பேசினாலும் பதில் சொல்லிக்கொண்டே கடிதத்தை அடித்து முடித்துவிடுவேன். என்ன அடித்தேன் என்று கேட்டால் மட்டும் தெரியாது. கண்ணில் பட்டது நேராக விரலுக்குப் போய்விடும், நடுவில் எங்கும் நிற்காது.

ஆனால் நான் அங்கே நிரந்தரம் இல்லை, கேஷுவல். பிளானிங் பேச்சு தொடங்கினால் மேனேஜர் நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் வெளிய இரும்மா" என்பார். நான் அடித்த தாளை வைத்துக்கொண்டு நான் இல்லாமல் பேசுவார்கள். வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். துபாய்க்குப் போனவரின் மேசை காலியாகத்தான் கிடந்தது. அந்த மேசை எனக்கு வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். வீட்டில் அம்மா வேறு கெடு வைத்திருந்தார். மணிமங்கலத்திலிருந்து இவ்வளவு தூரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் கேஷுவலாக உட்கார வேண்டாம், தீபாவளிக்குள் நிரந்தரம் ஆகாவிட்டால் நின்றுவிடு, தாம்பரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று.

இந்த நேரத்தில்தான் மேனேஜர் ஒரு கஸ்டமர் ஆபீஸில் அந்தப் பொருளைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கிருந்த அதிகாரி சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூடு மாதிரி ஒன்றை எடுத்து, திறந்து, இரண்டு பட்டனைத் தட்டி, அடுத்த மாதத்துத் தேதியைச் சொன்னாராம். டிஜிட்டல் டைரி. மேனேஜர் அதைச் சொன்னபோது, பக்கத்து வீட்டு டி.வி.யை ஜன்னல் வழியாகப் பார்த்த பையன் முகம் அவருக்கு. நான் யோசிக்காமல் வாய்விட்டேன்.

"அத வாங்குங்க சார். பிளானிங்க நான் பாத்துக்கறேன்."

 அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பேப்பர்ல ஒரு வரி கூட எழுதக் கூடாது. ரெண்டும் இருந்தா எல்லாரும் பேப்பர்கிட்டதான் போவான். ஆயுத பூஜை வரைக்கும் பாப்போம். குழப்பம் இல்லாம ஓடுச்சுன்னா அந்த மேசை உனக்கு, பர்மனென்ட். குழப்பினேன்னா டைப்ரைட்டருக்கே போயிடணும், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அவ்வளவுதான் ஒப்பந்தம். 

வாங்குவதற்கு பர்மா பஜாருக்குப் போகச் சொன்னார். பில் கிடைக்காத இடம் என்பதால் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். எது அசல், எது டூப்ளிகேட் என்று பார்க்க எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணனைத் துணைக்கு அனுப்பினார். வல்லத்துக்காரர். காலையில் கழனியைப் பார்த்துவிட்டுத்தான் ஷிஃப்டுக்கு வருவார். ஒரு மெஷின் நின்றுபோனால் முதலில் அதைத் தட்டிக்கொடுத்து, "இன்னாடா ஆச்சு உனக்கு?" என்று விசாரித்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். அவருக்கு மெஷின்கள் எல்லாம் வீட்டு மாடுகள் மாதிரி.

பஸ் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைத் தாண்டி, பூந்தமல்லி தாண்டி, பாரிமுனை போய்ச் சேரும் வரை அவர் என்னிடம் ஒரே கேள்வியை விதவிதமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். டைரி என்றால் தாள் எங்கே? தாள் இல்லை என்றால் எழுதினது எங்கே உட்காரும்? எனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி, "உள்ள இருக்கும்ணே" என்றேன். "உள்ள இன்னா கீது?" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பீச் ஸ்டேஷனுக்கு எதிரே வரிசையாகக் கடைகள். வாட்ச், டேப் ரெக்கார்டர், சென்ட் பாட்டில். ஒரு கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து மூன்று டைரிகளை எடுத்து வைத்தார். ஒன்று மெல்லியது, மூடியில் கறுப்புப் பட்டை, வெளிச்சம் பட்டாலே ஓடும் என்றார். இரண்டாவதில் எழுத்துகள் ஏ, பி, சி என்று பள்ளிக்கூட வரிசையில் இருந்தன. மூன்றாவதைத் திறந்ததும் எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. டைப்ரைட்டர் வரிசை. அத்தனை எழுத்தும் அதனதன் இடத்தில்.

"இதுதான்" என்றேன்.

"அவசரப்படாதம்மா" என்றார் அண்ணன். வெளிச்சத்தில் ஓடும் டைரியைக் கையில் எடுத்து, கடைக்கு வெளியே வெயிலில் நீட்டி, உள்ளே கொண்டுவந்து, மறுபடி வெயிலில் நீட்டினார். "இத வாங்கிக்க. பேட்டரியே வாணாம் இதுக்கு. நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்?"

"அதுல ஏ, பி, சி தேடித் தேடி அடிக்கணும்ணே. எனக்குக் கண்ண மூடிகினு அடிச்சுப் பழக்கம்."

"கண்ண மூடிகினு அடிப்ப, சரி. இத்தினிக்கூண்டு பட்டன்ல உன் பத்து வெரலும் எங்க நிக்கும்?"

கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சுள்ளென்று வந்தது. ஹையர் பாஸ் பண்ணியது நானா இவர்களா? டைப்ரைட்டர் வரிசைதான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றேன். அண்ணன் அதைத் திருகித் திறந்து, உள்ளே பார்த்து, அசல்தான் என்று தலையாட்டினார். விளக்கப் புத்தகம் கேட்டோம். "அதெல்லாம் கப்பல்லயே போயிடுச்சும்மா" என்றார் கடைக்காரர்.

மறுநாள் காலை மேசையில் வைத்து இரண்டு கையையும் ஏந்தி உட்கார்ந்தேன். ஒரு விரலை வைத்தால் மூன்று பட்டன் அமுங்கியது. அண்ணன் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. பத்து விரலும் நிற்க இடமே இல்லை. ஆள்காட்டி விரல் நகத்தால் ஒவ்வொரு எழுத்தாகக் கொத்த வேண்டியிருந்தது. அதுவும் தமிழ் கிடையாது. சரக்கு போய்வருகிற கந்தன் கொல்லையையும் எழுச்சூரையும் இங்கிலீஷ் எழுத்தில், இருக்கிற இடத்துக்குள் சுருக்கி அடிக்க வேண்டும். டைப்ரைட்டரில் மூச்சு விடுவதற்குள் முடிகிற வேலை இங்கே மாட்டு வண்டியில் போயிற்று. முதல் வாரம் அந்தச் சனியனைத் தூக்கி வயலில் எறிந்துவிடலாமா என்று இருந்தது.

ஆனால் ஒன்று, அதில் யாருடைய எண்ணெய்க் கையும் படவில்லை. தேதி மாறினால் ஓட்டை விழவில்லை. மெஷின்காரர் வந்து, "என்னோடது எப்பம்மா?" என்றால், நான் மூடியைத் திறந்து பார்த்துச் சொல்லுவேன். அவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு சாம்பல் கண்ணாடியில் தன் பாகத்தின் பெயர் கறுப்பாகத் தெரிவதைப் பார்த்து ஒருவிதத் திருப்தியோடு போவார்கள். "வெளிய இரும்மா" என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் டைரி என் கையில் இருந்தது. லாரி வந்த நாளில் சரக்கு தயாராக இருந்தது. எனக்கு நம்பிக்கை வர ஆரம்பித்தது.

அண்ணனும் மாறிவிட்டார். வெயிலில் ஓடுவதை வாங்கவில்லை என்ற மனத்தாங்கல் ஒரு வாரம்தான். அப்புறம் தினமும் ஷிஃப்டுக்கு வந்ததும், "எழுந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். மெல்லிய துணியால் அதைத் துடைத்துக் கொடுப்பார். மிச்சமிருந்த ரெக்ஸினில் அதற்கு ஒரு உறை கூடத் தைத்துக்கொண்டு வந்தார். தன் பொறுப்பில் இருக்கிற மெஷின்களில் அதுவும் ஒன்று என்று முடிவு செய்துவிட்டார்.

இப்படியே ஆயுத பூஜை வந்தது. பூஜையன்று எங்கள் மேனேஜருக்கு ஒரு சட்டம் உண்டு. எப்போதோ ஒருமுறை, சந்தனம் வைக்கப் போன ஒருவரை மெஷினில் இருந்த கரண்ட் தூக்கி அடித்துவிட்டதாம். அதிலிருந்து பூஜைக்கு முன்னால் அவரே மெயின் சுவிட்சு வரை போய்ப் பார்ப்பார். "பூஜைக்கு வெச்ச எந்த மெஷின்லயும் சொட்டுக் கரண்ட் இருக்கக் கூடாது" என்று சத்தமாகச் சொல்லுவார். அதைச் செய்து முடிப்பது அண்ணனின் வேலை. அவர் அதில் ஒரு குறை வைக்க மாட்டார்.

அன்று காலையிலிருந்தே எல்லா மெஷினையும் கழுவித் துடைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, கலர்த் தாள் ஒட்டினோம். சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், அளவுக் கருவிகள், என் டைப்ரைட்டர். பக்கத்தில் டிஜிட்டல் டைரியை நானே வைத்தேன். மறுநாள் விஜயதசமியன்று எடுக்கும் வரை யாரும் தொடக் கூடாது. பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் சுண்டலும் பொட்டலம் கட்டிக் கொடுத்து, சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். கெடு முடிந்துவிட்டது, ஒரு குழப்பமும் இல்லை. பஸ்ஸில் என் பொரிப் பொட்டலத்தைப் பக்கத்தில் இருந்த அம்மாளுக்கும் கொடுத்தேன், அவ்வளவு தாராளம்.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து ஒவ்வொரு மெஷினையும் ஒருமுறை ஓட விட்டு நிறுத்துவது வழக்கம். எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒவ்வொன்றாக ஓடியது, ஒவ்வொன்றுக்கும் கை தட்டினோம். நான் டைப்ரைட்டரில் ஒரு வரி அடித்தேன். கடைசியாக அண்ணன் டைரியைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வந்தார். மூடியில் சந்தனமும் குங்குமமும் ஒரு துண்டு மல்லிகையும். "ஓட்டும்மா" என்றார், பெருமையாக.

திறந்து பட்டனை அமுக்கினேன். ஜனவரி ஒன்று என்றது. மணி பன்னிரண்டு என்றது. நாங்கள் நின்றுகொண்டிருந்தது ஐப்பசி பிறக்கப் போகிற நேரம். அடுத்த பட்டனைத் தட்டினேன். காலி. எல்லாப் பக்கமும் காலி. 

"என்ன, ஓடுதா?" என்றார் மேனேஜர்.

"ஓடுது சார். ஆனா உள்ள ஒண்ணுமில்ல. போட்டு வெச்சதெல்லாம் போயிடுச்சு."

 அண்ணன் என் கையிலிருந்ததை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான்தான் சார் பூஜைக்கு முன்னாடி பேட்டரி அல்லாத்தையும் கயட்டினேன். மூணும். தொடச்சு, பேப்பர்ல மடிச்சு வெச்சு, காலைல போட்டேன். எந்த மெஷின்லயும் சொட்டுக் கரண்ட் இருக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூன்று பேட்டரியையும் ஒரே நேரத்தில் எடுத்தால் போட்டு வைத்ததெல்லாம் அழிந்துவிடும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது, அந்தப் புத்தகம்தான் கப்பலில் போய்விட்டதே. அது அப்போது மண்டையில் ஏறவில்லை. நகத்தால் கொத்திக் கொத்தி அடித்தது, அந்த மேசை, அம்மாவின் கெடு, எல்லாம் ஒரே நொடியில் காலி. அவரைக் கண்டபடி திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கை தாம்பாளத்தை இன்னும் ஏந்திக்கொண்டே இருந்தது. அந்த டைரிக்கும் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் அவர். வாய் வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டேன், ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றுவிட்டது.

மேனேஜரால் அண்ணனைத் திட்ட முடியாது, சட்டம் அவருடையது. என்னையும் திட்ட முடியவில்லை.  டைரியைப் பார்த்துக்கொண்டு, பாதி தனக்குத்தானே கேட்ட மாதிரி, "நாளைக்கு வர லாரிக்கு என்ன ஏத்தணும்னு இப்ப யாரக் கேக்கறது?" என்றார்.

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பதில் வந்தது. "சின்ன புஷ் சார். பெட்டி ரெடியா இருக்கு. பெரிய புஷ் முலாம் பூசப் போயிருக்கு, வெள்ளிக்கிழமதான் வரும்."

அவர் நிமிர்ந்தார். "அடுத்த வாரம்?"

சொன்னேன். அதற்கடுத்த வாரமும் சொன்னேன். எந்த மெஷின் எப்போது நிற்க வேண்டும், எதற்குக் கருவி மாற்ற வேண்டும், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. எனக்கே பயமாக இருந்தது, யாரோ எனக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. ஒரு மெஷின்காரர், "என்னோடது?" என்றார், சோதித்துப் பார்க்கிற குரலில். சொன்னேன். இன்னொருவர் கேட்டார். அவருடையது மட்டும் ஞாபகம் வரவில்லை, அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டைப்ரைட்டரில் அடித்த எதுவும் என் தலையில் தங்கியதே இல்லை. இந்தப் பொடிப் பட்டனில் பத்து விரலும் நிற்க முடியாமல், ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்று அடித்தேனே, அத்தனையும் தலைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் விரலுக்கு வந்திருக்கிறது. எந்த மெதுவை நான் தினமும் சபித்தேனோ அது எனக்கு முழுத் தொழிற்சாலையையும் கற்றுக்கொடுத்திருந்தது.

மேனேஜர் மேசைப் பக்கம் நடந்தார். துபாய்க்காரரின் மேசை. அதன் மேலிருந்த தூசியைத் தன் கைக்குட்டையால் தட்டினார். "இங்க உக்காரும்மா. இன்னிக்கு விஜயதசமி. எத ஆரம்பிச்சாலும் நல்ல நாள். முதல்லருந்து போடு."

உட்கார்ந்தேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். அண்ணன் முன்னால் வந்தார். அவர் குரல் திரும்பி வந்திருந்தது.

"மொத மொத போடச்சொல்லவே பிள்ளையார் சுழி போடலம்மா நீ. அன்னிக்கே கவனிச்சேன். அதான் இப்டி ஆச்சு."

"இதுல தமிழ் எழுத்தே இல்லண்ணே, சுழிக்கு எங்க போறது?"

"வெயில்ல ஓடறத வாங்கச் சொன்னேன், கேக்கல. கயட்டறதுக்குப் பேட்டரியே இருந்திருக்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு. பட்டன்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு என்ற எண்ணை அமுக்கினேன். கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தால் பிள்ளையார் சுழிதான். அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"முதல்ல என்ன சார் போடறது? நாளைக்கு லாரியா?" என்றேன்.

மேனேஜர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "அது உன் தலையிலயே இருக்கே. முதல்ல இதப் போடு. புது டைப்பிஸ்ட் ஒரு ஆள் பாக்கணும்."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "எந்தத் தேதியில சார்?"

"நாளைக்கே போடு."

ஆள்காட்டி விரலை நீட்டி முதல் எழுத்தைத் தேடினேன். அது எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. என் வாழ்நாளில் எதையும் நான் அவ்வளவு மெதுவாக அடித்ததில்லை.